ஒரே வடத்தில் மின்சாரமும் தகவலும்: தோட்டக் கருவிகளுக்குப் பிரிப்பி பொருத்தும் முறை

1. முகவுரை

நெற்செய்கையிலும் காய்கறிச் செய்கையிலும் ஈடுபட்டுள்ள கமக்காரர் பலர் இந்நாளில் தோட்டத்தின் கோடியிலோ, பொலித்தீன் கூடாரத்தினுள்ளோ, நெற்களஞ்சியத்தின் முகப்பிலோ ஒரு கமராவை அல்லது வெப்பமும் ஈரப்பதனும் அளக்கும் ஒரு கருவியை நிறுவி, அது தரும் செய்தியை வீட்டிலிருந்தவாறே கைத்தொலைபேசியிற் பார்த்து வருகின்றனர். நீரிறைக்கும் இயந்திரம் களவு போகாமற் காப்பதற்கும், கூடாரத்தின் வெப்பம் அளவு மீறும்போது பக்கத்திரைகளை உயர்த்துவதற்கும், காயவிட்ட வெங்காயத்தின்மீது கண்ணோட்டம் வைத்திருப்பதற்கும் இவை பெரிதும் உதவுகின்றன.

இத்தகைய கருவி எதற்கும் இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, அது இயங்குவதற்கு வேண்டிய மின்சாரம். மற்றையது, அது தரும் தகவல் வீட்டிலுள்ள இணையப் பெட்டியை, அஃதாவது றவுட்டரைச் சென்றடைவதற்கு வேண்டிய வழி. வீட்டில் இவ்விரண்டும் உண்டு. தோட்டத்திலோ இரண்டும் இல்லை. ஆகவே கமக்காரர் சிலர் வீட்டிலிருந்து 230 வோல்ற்று மின்சாரத்தைச் சாதாரண வீட்டுக் கம்பியில் வேலி வழியாகவும் வரம்பு வழியாகவும் இழுத்துச் செல்கின்றனர். நீர் பாயும் நிலத்தில் இது உயிருக்கு இறுதி தரும் செயலாகும். மண்வெட்டி ஒருமுறை பட்டாலும், எலி ஒரு முறை கடித்தாலும், அக்கம்பி நனைந்த மண்ணில் நிற்பவனைக் கொல்லவல்லது.

இதற்கு மாற்றான வழி, கருவிக்குச் செல்லும் வலையமைப்பு வடத்தினூடாகவே குறைந்த அழுத்தத்தில் மின்சாரத்தையும் அனுப்புதலாகும். இம்முறையில் இயங்குமாறு ஆக்கப்பட்ட கமராக்கள் சந்தையில் உண்டு. எனினும், கமக்காரரிடம் ஏற்கெனவே உள்ளனவும் குறைந்த விலைக்குக் கிடைப்பனவும் பெரும்பாலும் அவ்வாறு ஆக்கப்படாதவை. அவற்றிற்கு மின்சாரத்திற்கென ஒரு சிறு வட்டக் குதையும், தகவலுக்கென வேறொரு குதையும் தனித்தனியே இருக்கும். அவற்றையும் இம்முறையில் இயக்குவதற்கு உதவும் சிறு கருவியே பிரிப்பி ஆகும். கடைகளில் இதனை ‘பி.ஓ.ஈ. ஸ்பிளிற்றர்’ என்று கேட்டுப் பெறலாம். அதனைத் தெரியும் முறையும் பொருத்தும் முறையும் இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

2. வடத்தின் அமைப்பு

வலையமைப்பு வடத்தினுள் எட்டு மெல்லிய கம்பிகள் இவ்விரண்டாக முறுக்கப்பட்டு நான்கு சோடிகளாக அமைந்திருக்கும். செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம் என்பன அச்சோடிகளின் நிறங்களாகும். ஒவ்வொரு சோடியிலும் ஒரு கம்பி முழு நிறமுடையதாகவும், மற்றையது வெள்ளையில் அந்நிறக்கோடு உடையதாகவும் இருக்கும்.

விநாடிக்கு 100 மெகாபிற்று வேகத்தில் தகவல் செல்வதற்கு இரு சோடிகள் மாத்திரமே தேவைப்படுகின்றன. செருகியின் 1, 2 ஆம் கம்பிகளும் 3, 6 ஆம் கம்பிகளும் அவையாகும். 4, 5 ஆம் கம்பிகளும் 7, 8 ஆம் கம்பிகளும் வெறுமனே கிடக்கும். ஒரு கமராவுக்கு இவ்வேகம் தாராளமாகப் போதும். வெறுமனே கிடக்கும் சோடிகளில் மின்சாரத்தை அனுப்புதல் ஒரு முறை. தகவல் செல்லும் சோடிகளிலேயே அதற்கு இடையூறின்றி மின்சாரத்தையும் அனுப்புதல் மற்றொரு முறை. நேரோட்ட மின்சாரமும், விரைந்து மாறும் தகவற் குறிகளும் ஒன்றையொன்று கெடாது ஒரே கம்பியிற் செல்லக்கூடியன. மறுமுனையில் அவற்றை வேறுபடுத்தி எடுப்பதே பிரிப்பியின் தொழில்.

3. வழியில் மின்சாரம் குறைவதேன்?

நீண்ட ஒடுங்கிய குழாயில் பல தூவிகளை இணைத்து நீர் இறைத்த கமக்காரர் ஒவ்வொருவரும் ஓர் உண்மையை அறிவர். இயந்திரத்திற்கு அண்மையிலுள்ள தூவி நன்றாகச் சுழலும். கடைசித் தூவி சுழலாது சொட்டிக்கொண்டு நிற்கும். குழாயினூடாக எவ்வளவு அதிகமான நீர் ஓடுகின்றதோ அவ்வளவுக்கு உராய்வினால் அழுத்தம் குறைகின்றது. மின்சாரத்தின் நிலையும் இதுவேயாகும். வடத்திலுள்ள கம்பி மிக மெல்லியது. அதன் விட்டம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். ஆகவே அதனூடாகச் செல்லும் ஓட்டம் கூடக்கூட, வழியில் இழக்கப்படும் வோல்ற்றளவும் கூடும்.

இதனை ஓர் உதாரணத்தாற் கணக்கிட்டுக் காண்போம். வீட்டிலிருந்து கிணற்றடி வரையுள்ள வடத்தின் நீளம் 80 மீற்றர் எனக் கொள்க. தூய செப்பு வடத்தில் இரு சோடிகளைப் பயன்படுத்தி, ஒரு சோடியில் மின்சாரம் சென்று மறுசோடியில் மீளும்போது, போகவும் வரவுமாக ஏற்படும் மொத்தத் தடை ஏறக்குறைய 6.7 ஓம். கிணற்றடியிலுள்ள கமரா 12 வோல்ற்றில் இயங்குவது. பகலில் 3 உவாற்றும், இரவில் 6 உவாற்றும் எடுப்பது. இருளிற் பார்ப்பதற்கு வேண்டிய செங்கீழ் விளக்குகள் இரவில் எரிவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

வீட்டிலேயே 12 வோல்ற்றை வடத்திற் புகுத்தினால் விளைவது யாது? பகலில் ஓட்டம் 0.25 அம்பியர், வழியில் ஏறக்குறைய 1.7 வோல்ற்று இழக்கப்பட்டு, கமராவை 10.3 வோல்ற்று சென்றடையும். கமரா ஒருவாறு இயங்கும். இரவில் ஓட்டம் 0.5 அம்பியராகும், அப்போது 3.4 வோல்ற்று இழக்கப்பட்டு, 8.6 வோல்ற்று மாத்திரமே எஞ்சும். குறையும் அழுத்தத்தை ஈடுசெய்யக் கமரா இன்னும் அதிக ஓட்டத்தை இழுக்குமாதலால், உண்மை நிலை இக்கணக்கினும் மோசமாகவே இருக்கும். கமரா அணைந்து, மீண்டும் எழுந்து, மீண்டும் அணையும். பகல் முழுவதும் செம்மையாக இயங்கிய கமரா, காவல் வேண்டிய இரவு வேளையிற் குருடாகிவிடும். களவு போன பின்னரே கமக்காரர் இதனை அறிவர்.

இனி, அதே வடத்தில் 48 வோல்ற்றை அனுப்பி, கிணற்றடியில் ஒரு பிரிப்பியினால் 12 வோல்ற்றாகக் குறைப்போம். பிரிப்பி தான் பெறும் மின்வலுவில் 100 இற்கு 85 பங்கைக் கருவிக்குக் கொடுக்கும் எனக் கொண்டால், கமராவின் 6 உவாற்றுக்காக அது ஏறக்குறைய 7 உவாற்று எடுக்க வேண்டும். 48 வோல்ற்றில் இதற்கு வேண்டிய ஓட்டம் ஏறக்குறைய 0.15 அம்பியர். வழியில் இழக்கப்படுவது 1 வோல்ற்று மாத்திரமே. பிரிப்பியை 47 வோல்ற்று சென்றடையும்; அது கமராவுக்கு வேண்டிய 12 வோல்ற்றைக் குறைவின்றிக் கொடுக்கும். உயர்ந்த அழுத்தத்திற் சிறிதளவு ஓட்டத்தை அனுப்பி, பயன்படுத்தும் இடத்திற் குறைத்துக் கொள்வதே இம்முறையின் முழு இரகசியமுமாகும்.

4. இரு முறைகளும் அவற்றின் வேறுபாடும்

சந்தையில் பிரிப்பிகள் இரு வகையாக விற்கப்படுகின்றன. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பினும், தொழிலில் இவை முற்றிலும் வேறானவை. இவ்வேறுபாட்டை அறியாமல் வாங்குவதாலேயே கருவிகள் பெரும்பாலும் எரிந்து போகின்றன.

(அ) வெறும் பிரிப்பி. இதனுள் எவ்வித இலத்திரனியற் பகுதியும் இல்லை. 4, 5 ஆம் கம்பிகளையும் 7, 8 ஆம் கம்பிகளையும் பிரித்து ஒரு மின்செருகிக்குக் கொண்டு செல்லும் இணைப்பு மாத்திரமே உண்டு. ஒரு முனையில் எவ்வளவு வோல்ற்றைக் கொடுத்தோமோ, வழியில் இழந்தது போக எஞ்சியதே மறுமுனையில் வெளிவரும். இது மிக மலிவானது, மிகச் சிறியது. இரண்டு துண்டுகள் சோடியாக ஒரே பையில் விற்கப்படும். 10 அல்லது 15 மீற்றர் தூரத்திற்கு 12 வோல்ற்றுக் கருவியொன்றை இதனால் இயக்கலாம். தோட்டத்தின் தூரத்திற்கு இது உகந்ததன்று.

(ஆ) மாற்றும் பிரிப்பி. இதனுள் 48 வோல்ற்றை 12, 9 அல்லது 5 வோல்ற்றாகக் குறைக்கும் சுற்றொன்று உண்டு. இது நியம முறைக்கு அமைய ஆக்கப்பட்டது. இந்நியமத்தை ஐ.ஈ.ஈ.ஈ. எனப்படும் பொறியியலாளர் நிறுவனம் 2003 ஆம் ஆண்டில் 802.3 ஏ.எவ். என்ற பெயரில் வெளியிட்டது. அதன்படி மின்சாரம் கொடுக்கும் கருவி, ஒவ்வொரு வடத்திலும் 15.4 உவாற்று வரை அனுப்பலாம். நூறு மீற்றர் வடத்தில் ஏற்படக்கூடிய இழப்பைக் கழித்து, மறுமுனையில் 12.95 உவாற்று வரை பெறலாம். 2009 ஆம் ஆண்டில் வந்த 802.3 ஏ.ரி. நியமம் இவ்வளவை முறையே 30 உவாற்றாகவும் 25.5 உவாற்றாகவும் உயர்த்தியது. 2018 ஆம் ஆண்டில் வந்த 802.3 பி.ரி. நியமம் நான்கு சோடிகளையும் பயன்படுத்தி, அனுப்பும் முனையில் 90 உவாற்று வரை இடமளிக்கின்றது. கமராவுக்கும் அளவுகருவிக்கும் முதலாவது நியமமே போதுமானது.

நியம முறையில் ஒரு பெரும் பாதுகாப்பு உண்டு. மின்சாரம் கொடுக்கும் கருவி எடுத்த எடுப்பில் 48 வோல்ற்றை அனுப்புவதில்லை. முதலிற் 10 வோல்ற்றளவிற்கு மேற்படாத சிறு அழுத்தத்தை அனுப்பி, மறுமுனையில் ஏறக்குறைய 25,000 ஓம் தடை உண்டோ எனச் சோதிக்கும். அத்தடையே, மின்சாரம் பெறுவதற்குத் தகுந்த கருவி இது என்பதற்கு அடையாளம். மாற்றும் பிரிப்பியில் அவ்வடையாளம் உண்டு. அடையாளம் காணப்பட்டால் மாத்திரமே முழு மின்சாரமும் அனுப்பப்படும். வடம் கழன்றால் மின்சாரம் நிறுத்தப்படும். வெறும் முறையில் இச்சோதனை யாதும் இல்லை. வடத்தில் எப்பொழுதும் மின்சாரம் நிற்கும். அவ்வடத்தைத் தவறுதலாகக் கணினியிற் செருகினால், அதன் குதை கெட்டுப் போகக்கூடும்.

இவ்விரு முறைகளையும் கலத்தலாகாது. நியம முறையில் மின்சாரம் கொடுக்கும் கருவிக்கு வெறும் பிரிப்பியைப் பொருத்தினால், அடையாளம் இல்லாமையால் மின்சாரம் வாராது. இதனாற் சேதம் இல்லை. ஆனால், சோதனையின்றி 48 வோல்ற்றை அனுப்பும் மலிவான கருவிக்கு வெறும் பிரிப்பியைப் பொருத்தினால், 48 வோல்ற்றும் அப்படியே 12 வோல்ற்றுக் கமராவினுட் புகுந்து, அக்கணமே அதனை எரித்துவிடும்.

5. வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

கருவியுடன் வந்த மின்மாற்றுப் பெட்டியின் முகத்திலுள்ள எழுத்துக்களை முதலில் வாசித்தல் வேண்டும். அதில் உள்ளீடு, வெளியீடு என இரு வரிகள் இருக்கும். வெளியீட்டு வரியே நமக்குத் தேவை. அதிலிருந்து பின்வருவனவற்றைக் குறித்துக் கொள்க.

முதலாவது, வோல்ற்றளவு. 12 எனில் 12 வோல்ற்றுப் பிரிப்பியும், 5 எனில் 5 வோல்ற்றுப் பிரிப்பியும் வேண்டும். சில பிரிப்பிகளில் 5, 9, 12 எனத் தெரிவதற்கு ஒரு சிற்றாளி உண்டு. கருவியை இணைக்குமுன் அதனைச் சரியான இடத்தில் வைத்து, கை பட்டு நகராதவாறு ஒட்டு நாடாவால் மூடிவிடுக.

இரண்டாவது, வலு. வோல்ற்றளவை அம்பியரினாற் பெருக்க வரும் எண்ணே உவாற்று. 12 வோல்ற்று, 0.5 அம்பியர் எனில் 6 உவாற்று. 12 வோல்ற்று, 1 அம்பியர் எனில் 12 உவாற்று. ஏ.எவ். நியமத்திற் பிரிப்பிக்குக் கிடைப்பது 12.95 உவாற்று, பிரிப்பி தானே அதிற் சிறு பங்கை வெப்பமாக இழக்கும். ஆகவே கருவியின் தேவை 10 உவாற்றுக்கு மேற்படாதவிடத்து மாத்திரமே ஏ.எவ். பிரிப்பியை நம்புதல் வேண்டும். மேற்படின், அனுப்பும் கருவியும் பிரிப்பியும் ஆகிய இரண்டும் ஏ.ரி. நியமத்தனவாக இருத்தல் வேண்டும். ஒன்று மாத்திரம் உயர்ந்ததாயிருப்பதாற் பயனில்லை.

மூன்றாவது, செருகியின் அளவும் முனைவும். வட்டச் செருகியின் வெளிவிட்டம் பெரும்பாலும் 5.5 மில்லிமீற்றர், உள்துளை 2.1 அல்லது 2.5 மில்லிமீற்றர். 2.5 மில்லிமீற்றர்த் துளையுள்ள செருகி, 2.1 மில்லிமீற்றர் ஊசியுள்ள குதையினுள்ளும் நுழையும். ஆனால் இறுகத் தொடாமையால் மின்சாரம் விட்டுவிட்டு வரும். நடு ஊசி நேரா மறையா என்பதைப் பெட்டியிலுள்ள சிறு படம் காட்டும். கமராக்களிற் பெரும்பாலானவற்றில் நடு நேராகவும் வெளி மறையாகவும் இருக்கும். எனினும் படத்தைப் பாராது முடிவு செய்யற்க.

வலையமைப்புக் குதை இல்லாது, வானலை வழியாக மாத்திரம் தகவல் அனுப்பும் கருவிகளும் உண்டு. அவற்றிற்குத் தோட்டத்தில் ஒரு சிறிய றவுட்டரை வைத்து, அந்த றவுட்டரைப் பிரிப்பியினால் இயக்கலாம். பொலித்தீன் கூடாரத்திற் பல அளவுகருவிகளை வைப்போருக்கு இது நல்ல வழியாகும்.

6. வடத்தைத் தெரிதலும் பதித்தலும்

செப்புப் பூசிய அலுமினியக் கம்பியாலான வடங்கள் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றின் தடை தூய செப்பினது போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தகவலுக்கு ஒருவேளை போதுமெனினும், மின்சாரத்திற்கு இவை ஆகா. கம்பியின் முனையைக் கத்தியாற் சுரண்டிப் பார்த்தால், உள்ளே வெள்ளி நிறம் தெரிவது அலுமினியம். முற்றும் செந்நிறமாக இருப்பது செப்பு. அலுமினியக் கம்பி சில முறை வளைத்த மாத்திரத்தில் முறிந்துவிடும்; அதன் சுருள் கையிற் பாரமற்றிருக்கும்.

வெயிலிற் கிடக்கும் வடத்திற்குக் கறுப்புப் பொலித்தீன் உறை இருத்தல் வேண்டும். வீட்டினுட் பயன்படுத்தும் சாம்பல் நிற வடத்தின் உறை வெயிலில் வெடித்து, மழைநீரை உள்ளே விடும். வடத்தை பீ.வீ.சி. குழாயினுள் இட்டு, மண்வெட்டியும் உழவியந்திரமும் எட்டாத ஆழத்தில், வரம்போரமாகப் பதித்தல் நன்று. பதித்த வழியை ஒரு தாளில் வரைந்து வைத்திருந்தால், அடுத்த போகத்தில் நிலத்தைக் கொத்தும்போது வடம் வெட்டுப்படாது. குழாயின் இரு வாய்களையும் அடைத்துவிடின் எலி நுழையாது.

அனுப்பும் கருவியிலிருந்து தோட்டக் கருவி வரை வடத்தின் மொத்த நீளம் 100 மீற்றரைக் கடத்தலாகாது. வீட்டுச் சுவரில் ஏறி இறங்கும் நீளத்தையும் இக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். நிலத்தில் அளந்த தூரம் 90 மீற்றராயின், வடத்தின் நீளம் பெரும்பாலும் நூறைக் கடந்துவிடும்.

7. பொருத்தும் ஒழுங்கு

வேலையைப் பின்வரும் ஒழுங்கிற் செய்தால், பிழை எவ்விடத்தில் என்பது உடனே தெரியவரும்.

(1) வடத்தைப் பதிக்குமுன், வீட்டின் மேசையிலேயே எல்லாவற்றையும் குறுகிய வடமொன்றால் இணைத்துச் சோதிக்க.

(2) றவுட்டரின் குதையிலிருந்து, இஞ்செக்ரர் எனப்படும் மின்னூட்டிக்கு ஒரு வடம் செல்லட்டும். மின்னூட்டியில் இரு குதைகள் உண்டு. தகவல் என்று குறிக்கப்பட்டது றவுட்டருக்கும், மின்சாரம் என்று குறிக்கப்பட்டது தோட்டத்திற்கும் உரியன. இவற்றை மாற்றிச் செருகற்க.

(3) தோட்டத்திற்குச் செல்லும் வடத்தைப் பிரிப்பியிற் செருகுக. கருவியை இன்னும் இணைக்கற்க.

(4) பல்மானியை நேரோட்ட வோல்ற்றளவில் வைத்து, பிரிப்பியின் மின்செருகியை அளக்குக. 12 வோல்ற்றுப் பிரிப்பி 12 இற்கு மிக அண்மையிற் காட்டுதல் வேண்டும். எண்ணுக்கு முன் மறைக்குறி தோன்றினால், அளவு நுனிகளையும் செருகியின் முனைவையும் மீண்டும் பார்க்க. 48 என்று காட்டினால் அது வெறும் பிரிப்பி; உடனே கழற்றிவிடுக.

(5) அளவு சரியாயின், மின்செருகியையும் தகவற் செருகியையும் கருவியிற் பொருத்துக. கருவியுடன் வந்த மின்மாற்றுப் பெட்டியை அதே வேளையில் இணைத்தலாகாது.

(6) மேசையிற் சரியாக இயங்கியபின், நீண்ட வடத்தில் மீண்டும் சோதிக்க. கமராவாயின், அதன் கண்ணைத் துணியால் மூடி இரவு விளக்குகளை எரியச் செய்து, கால் மணி நேரமாவது பார்த்தல் வேண்டும். பகலிற் செய்த சோதனை இரவுக்குச் சான்றாகாது.

பிரிப்பியும் செருகிகளும் மழை படாத பெட்டியொன்றினுள் இருத்தல் அவசியம். வடம் பெட்டியின் அடிப்பக்கத்தால் நுழைதல் வேண்டும். நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், வடத்தில் வழிந்து வரும் நீர் அவ்வளைவிற் சொட்டி விழும். எறும்பும் பல்லியும் புகாதவாறு துவாரங்களை அடைக்குக. பசளையும் பீடைநாசினியும் வைக்கும் அறையினுட் பெட்டியை வைக்கற்க. அவற்றின் ஆவியும் உப்பும் செப்புத் தொடுகைகளை அரித்துவிடும்.

8. இடி மின்னலிலிருந்து காத்தல்

தோட்டத்திற் கிடக்கும் நீண்ட செப்பு வடம், மின்னலின் தாக்கத்தை வீட்டினுட் கொண்டு வரவல்லது. மின்னல் நேராக அதன்மீது விழ வேண்டியதில்லை. அண்மையில் விழுந்தாலும் வடத்தில் உயர்ந்த அழுத்தம் தூண்டப்படும். இந்நாட்டில் பங்குனி, சித்திரை மாதங்களிலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் பிற்பகலில் இடி முழக்கத்துடன் மழை பெய்தல் வழக்கம். காலபோக விதைப்பும் இவ்விரண்டாம் பருவத்துடனேயே தொடங்குகின்றது.

வடத்தின் இரு முனைகளிலும் வலையமைப்பு வடத்திற்கென ஆக்கப்பட்ட மின்னற் காப்பியைப் பொருத்தி, அதனை முறையாகப் புவித்தொடுப்புச் செய்க. புவித்தொடுப்பு இல்லாத மின்னற் காப்பி பயனற்றது. இதனைத் தகுதி பெற்ற மின்வினைஞரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும். வானம் இருண்டு இடி தூரத்திற் கேட்கும்போதே, வீட்டு முனையில் வடத்தைக் கழற்றி விடுதல் யாவற்றினும் உறுதியான காப்பு. இடி தலைக்கு மேல் வந்தபின் வடத்தைத் தொடற்க.

9. பிழை கண்டு திருத்தல்

கருவி சிறிதும் இயங்காவிடில், பிரிப்பியில் விளக்கு எரிகின்றதா எனப் பார்க்க. எரியாவிடில், செருகிகளில் எட்டுக் கம்பிகளும் ஒழுங்காகத் தொடுகின்றனவா என்றும், அனுப்பும் கருவியும் பிரிப்பியும் ஒரே நியமத்தனவா என்றும் சோதிக்க. செருகியிற் பச்சை நிறக் களிம்பு காணப்படின் நீர் புகுந்துள்ளது. அச்செருகியை வெட்டி நீக்கிப் புதிதாக அமைக்குக.

மின்சாரம் வந்தும் தகவல் வாராவிடில், பழுது பெரும்பாலும் 1, 2, 3, 6 ஆம் கம்பிகளில் இருக்கும். அல்லது மின்னூட்டிக்கும் றவுட்டருக்கும் இடையிலுள்ள வடம் கழன்றிருக்கும்.

பகலில் இயங்கி இரவில் அணைந்து எழுந்தால், வலு போதவில்லை என்பது தெளிவு. வடம் அலுமினியமா, நீளம் மிகுதியா, பிரிப்பி வெறும் வகையதா என்னும் மூன்றையும் ஒழுங்காகப் பார்க்க.

நண்பகலில் மாத்திரம் நின்றுபோகுமாயின், பெட்டி வெயிலிற் சூடேறுகின்றது. அதனை நிழலுக்கு மாற்றுக.

10. செய்யத் தகாதவை

வலையமைப்பு வடத்தில் 230 வோல்ற்று மின்சாரத்தை ஒருபோதும் செலுத்தற்க. அதன் மெல்லிய உறை அவ்வழுத்தத்திற்கு ஆக்கப்பட்டதன்று.

இவ்வடத்தால் நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்க நினைக்கற்க. ஒரு பரிவலு இயந்திரத்திற்கு ஏறக்குறைய 746 உவாற்று வேண்டும். இவ்வடம் கொடுப்பது கமராவுக்கும் சிறு கருவிக்கும் மாத்திரமே போதும்.

யானை வேலிக் கம்பிக்கு அருகில் வடத்தைக் கட்டற்க. அவ்வேலியிற் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தம் விட்டுவிட்டுப் பாய்கின்றது. அது கருவியை அழித்துவிடும். பன்றியையும் யானையையும் தடுக்கவென வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பிக்குக் கொடுத்து, மனிதரே மாண்ட நிகழ்ச்சிகள் இந்நாட்டில் உண்டு. அது சட்டத்திற்கும் மாறானது.

11. முடிவுரை

இம்முறையில் இன்னுமொரு நன்மையும் உண்டு. தோட்டக் கருவிகள் யாவும் வீட்டின் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் பெறுவதால், அவ்விடத்தில் ஒரு மின்கலவடுக்கை வைத்துவிட்டால், மின்சாரம் தடைப்படும் வேளையிலும் யாவும் இயங்கும். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை அனுபவித்த கமக்காரருக்கு இதன் பயனை விரித்துரைக்க வேண்டியதில்லை. றவுட்டரையும் மின்னூட்டியையும் அதே மின்கலவடுக்கில் இணைத்தல் வேண்டும்; ஒன்றை விட்டாலும் தகவல் நின்றுவிடும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை சிலவே. 48 வோல்ற்றில் அனுப்புக, தோட்டத்திற் குறைக்குக. மாற்றும் பிரிப்பியையே வாங்குக. வோல்ற்றளவு, உவாற்று, செருகி ஆகிய மூன்றையும் கருவியுடன் ஒப்பிடுக. தூய செப்பு வடத்தையே பதிக்குக. இணைக்குமுன் அளக்குக, இரவு விளக்குடன் சோதிக்குக. இடி கேட்டாற் கழற்றுக.

வீட்டின் 230 வோல்ற்று இணைப்பிலும் புவித்தொடுப்பிலும் செய்ய வேண்டிய வேலைகளைத் தகுதி பெற்ற மின்வினைஞரிடம் ஒப்படைக்குக. கூடாரத்தினுள் எவ்விடத்தில், எவ்வுயரத்தில் அளவுகருவியை வைத்தாற் பயிரின் உண்மை நிலை தெரியும் என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்க.